பதினான்கு தோற்றது, பதினொன்று ஜெயித்தது

போன சனிக்கிழமை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தே எனக்கு அறிவில் இரண்டு புள்ளி கழித்துவிட்டார்கள். கழித்தவர் வேறு யாருமில்லை, என் கணவர்.

பதறாதீர்கள், விவாகரத்து வரைக்கும் போகவில்லை. ஆனால் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் அன்றைக்கு என் குரல் கேட்டிருக்கும். கேட்டவர்களிடம் மன்னிப்பெல்லாம் கேட்பதாக இல்லை. இன்னமும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

முதலில் கணவரை அறிமுகப்படுத்தி விடுகிறேன். பெயர் சிவநேசன். தொழில் ஆடிட்டர். இடது பக்கக் கூட்டலும் வலது பக்கக் கூட்டலும் ஒன்றாக வந்தால்தான் அந்த மனிதருக்குச் சோறு இறங்கும். ஓய்வு நேரத்தில் சிலர் மீன் வளர்ப்பார்கள், சிலர் பேட்மிண்டன் ஆடுவார்கள். இவருக்கு டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம்.

அது என்ன என்கிறீர்களா? நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, சேர்ந்தே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு. ஒருவர் கதை சொல்லிக்கொண்டே வருவார். “உங்கள் முன்னால் பூட்டிய கதவு. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்பார். உடைக்கலாம், திறக்கலாம், காவலாளியிடம் கெஞ்சலாம்... எதைச் செய்வது என்பது நம் இஷ்டம். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் வெற்றி. அவ்வளவுதான்.

இப்படி ஒரு விளையாட்டை முழுக்க முழுக்கத் தமிழில் உருவாக்க வேண்டும் என்று உட்கார்ந்தார் என் கணவர். வார இறுதி என்றால் லேப்டாப்தான், வேறு பேச்சில்லை. ஒரு வழியாக முடித்தார். அடுத்த மாதம் ஸ்ரீ கெம்பாங்கானில் நடக்கும் ஒரு கேம் கண்காட்சியில் விற்பனைக்கு வைக்க ஏற்பாடு. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. சனிக்கிழமை கடைசி வெள்ளோட்டம்.

எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்? நம் மொழியில் இப்படி ஒன்று வருகிறது என்று பாசாரில் மீன்காரர் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தவளே நான்தான்.

வெள்ளோட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் என் அண்ணன் மணியம், கையில் ஒரு பெரிய பொட்டலம் கச்சாங் பூத்தே கடலையுடன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்தவர் என் கணவரின் அக்கா தேவகி. அண்ணன் சொந்தமாக இரண்டு லோரி வைத்து ஓட்டுகிறவர். தேவகி அக்கா பேங்க் அதிகாரி.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்களுடையது கலப்பு ஜோடி! இரண்டு பேரும் தமிழர்தானே, என்ன கலப்பு என்பீர்கள். இந்த நாட்டுக்காரர்களுக்குப் புரியும். நான் காப்பார் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்களின் மகள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எஸ்டேட்டில் கிராணியாக உட்கார்ந்து கணக்கு எழுதியவரின் பேரன். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் முகம் கோணியது. பிறகு சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேநீர் ஆனதும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார் கணவர். பாத்திரத்தின் பெயர், அதற்குக் கீழே ‘இனம்’. நம்மூர் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. எந்தத் தாளைக் கொடுத்தாலும் பெயருக்கு அடுத்து இனத்தைத்தான் தேடுவோம். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் ஏதோ பக்கம் விடுபட்டுவிட்டது என்று கவுண்டரில் போய்க் கேட்போம்.

“மாலா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ். உன் ஆளுங்களுக்குன்னே ஒரு இனம் செஞ்சிருக்கேன்” என்றார்.

இனத்தின் பெயர் மரத்தார். பெருங்காட்டில் வாழ்பவர்கள். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ராட்சத மரங்களிலிருந்து பால் எடுப்பவர்கள். என் அம்மா அப்பாவைப் பற்றி நான் சொன்ன கதைகளையெல்லாம் மனிதர் ஒன்று விடாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறார்! பால்வாளி சுமக்கும் காண்டாக் கம்பு கூட இருந்தது. படமும் வரைய வைத்திருந்தார் — தலைவிளக்கோடு ஒரு பெண், கிட்டத்தட்ட என் அம்மாவின் சாயலில். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தேன்.

பலம்: பிளஸ் இரண்டு. அறிவு: மைனஸ் இரண்டு.

கலங்கிய கண் அப்படியே காய்ந்துவிட்டது.

பக்கத்தைத் திருப்பினேன். கோட்டையார் என்று இன்னொரு இனம். மாடத்தில் உட்கார்ந்து உலகத்துக் கணக்கையெல்லாம் எழுதுபவர்கள். அறிவு பிளஸ் இரண்டு, தைரியம் மைனஸ் இரண்டு. கிராணியின் பேரன் கையில் பேனா கிடைத்தால் அறிவு எந்தப் பக்கம் போகும் என்று கேட்கவா வேண்டும்?

“இது என்னங்க மைனஸ்?” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டேன்.

“அதுவா? பேலன்ஸ் லா. பலத்துல ரெண்டு கூட்டிட்டேன், வேற எங்கயாவது ரெண்டு கழிக்கணும்ல? எல்லா இனத்துக்கும் மொத்தம் சைபர். யாருக்கும் அநியாயம் இல்ல.”

மொத்தம் சைபராம். யாருக்கும் அநியாயம் இல்லையாம்.

ஆதரவுக்கு அண்ணனைப் பார்த்தேன். அவரோ தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மரத்தார் இனம்தான். முதுகில் டிஸ்க் நகர்ந்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, அரிசி மூட்டையைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற மனிதர். பலம் பிளஸ் இரண்டு என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

“ஸ்ட்ராங்னுதானே சொல்லியிருக்காரு மாப்ள, விடு லா தங்கச்சி” என்றார் கச்சாங் பூத்தேயைக் கொறித்துக்கொண்டே.

எனக்கு இதுதான் தாங்கவில்லை. மேலே தட்டிக்கொடுத்து, கீழே உருவிக்கொள்வதை எத்தனை முறைதான் நாம் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வது? “உங்க ஆளுங்க நல்லா உழைப்பாங்க” என்று யாராவது சொன்னால் அண்ணனுக்குச் சந்தோஷம். எனக்கு அடுத்து வரப்போகும் வார்த்தை காதில் கேட்க ஆரம்பித்துவிடும். “ஆனா...” என்று ஒன்று வரும் பாருங்கள், அதுதான் அந்த மைனஸ் இரண்டு. சில பேர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என் கணவர் அச்சடித்தே கொடுத்துவிட்டார்.

சரி, விருந்தாளிகள் முன்னால் எதற்கு என்று பொறுத்துக்கொண்டேன். விளையாட ஆரம்பித்தோம்.

முதல் இடத்தில் ஒரு கல் கதவு. மேலே பழைய எழுத்தில் ஏதோ வாசகம். படித்துவிட்டால் கதவு திறக்கும். படிக்க முயற்சி செய்கிறேன் என்று நான் முந்திக்கொண்டேன். பகடை பதின்மூன்றோ அதற்கு மேலோ காட்டினால் வெற்றி என்றார் கணவர்.

உருட்டினேன். பதினான்கு!

எழுந்து கைதட்டப் போனேன். “இரு, இரு” என்றார் அவர். “மைனஸ் ரெண்டு இருக்குல்ல. பன்னெண்டு. பெயில்.”

அடுத்து தேவகி அக்கா உருட்டினார். பதினொன்று விழுந்தது. கோட்டையார் இனமாயிற்றே, பிளஸ் இரண்டு. பதின்மூன்று. பாஸ். கதவு திறந்தது.

“பாத்தியளோ, நான் வாசிச்சிட்டன்!” என்று அக்கா குழந்தை மாதிரிச் சிரித்தார். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் சந்தோஷமோ கோபமோ வந்துவிட்டால் பேச்சு நேராக யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும்.

கணவர் என்னைத் தேற்றினார். “பரவாயில்ல மாலா, கதவுக்குப் பின்னால பாறை ஒண்ணு வரும். அத நீ தூக்கலாம்.”

நான் வெடித்தேன்.

எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். கத்தியதெல்லாம் கணக்கோடுதான் கத்தினேன். பலத்தில் கூட்டினேன், அறிவில் கழித்தேன், சமம் என்கிறீர்களே, உங்கள் கதையில் பாறை எத்தனை இடத்தில் வருகிறது? ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. படிக்க, யோசிக்க, விசாரிக்க, புதிர் அவிழ்க்க வேண்டிய இடம்? எல்லாக் கதவிலும்! என்றைக்கோ தேவைப்படும் இடத்தில் ஒரு பிளஸ்ஸைக் கொடுத்துவிட்டு, எப்போதும் தேவைப்படும் இடத்தில் ஒரு மைனஸ்ஸைப் போட்டால் அதற்குப் பெயர் பேலன்ஸா? எந்த ஆடிட்டர் இதில் கையெழுத்துப் போடுவார்?

“மாலா, இது வெறும் கேம்...”

“வெறும் கேம்னா அந்த மைனஸ்ஸ எடுத்துட வேண்டியதுதானே? ஏன் விட மாட்டேங்குறீங்க?”

கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய மனது பண்ணி ஒரு சமரசத் திட்டம் கொண்டு வந்தார். மரத்தாருக்குப் பலத்தை பிளஸ் நாலாக ஆக்கிவிடலாமாம். அப்போது நஷ்டம் ஈடாகிவிடுமாம்.

இன்னும் ரெண்டு மூட்டை கூடத் தூக்கினால் எனக்கு மூளை இல்லாதது சரியாகிவிடும் என்கிறார்! இருபது வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தின மனிதர்!

“உலகம் முழுக்க இந்த கேம்ல இப்படித்தான் செஞ்சாங்க. ராட்சதன்னா பலசாலி, குள்ளன்னா பிடிவாதக்காரன். இல்லன்னா இனத்துக்கு இனம் என்ன வித்தியாசம்?” என்றார் அடுத்து.

ராட்சதன் கதவளவு உயரம், சரி, பலத்தில் பிளஸ் போடுங்கள். யார் வேண்டாம் என்றது? உடம்பு பெரிது, கை பெரிது. அதற்காக அவன் மண்டையில் எதற்குக் கை வைக்கிறீர்கள்? அதுவும் மரத்தார் ராட்சதர்களும் இல்லையே. உங்களையும் என்னையும் போன்ற மனிதர்கள். தினமும் வாளி சுமந்தால் யாருக்கும் தோள் உறுதியாகும். உங்கள் தாத்தாவை ஒரு வருடம் காண்டா தூக்க விட்டிருந்தால் அவருக்கும் பிளஸ் இரண்டு வந்திருக்கும். என் அப்பாவை அந்தக் கிராணி நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் அவருக்கும் கணக்கு வந்திருக்கும். செய்த வேலையால் வந்ததை எல்லாம் பிறப்பால் வந்ததாக எழுதி வைத்திருக்கிறீர்களே!

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போய்விடும். பிறகு யார் யாரோ வீட்டில், யார் யாரோ பிள்ளைகள், என் அம்மாவின் சாயலில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்து, “இவங்க ஸ்ட்ராங், ஆனா மண்டு” என்று சொல்லிச் சொல்லி விளையாடுவார்கள். அதுவும் என் வீட்டிலிருந்து போன படம்.

“நீ ரொம்ப எமோஷனலா இருக்க” என்றார் கணவர்.

மனைவி சரியாகக் கணக்குச் சொல்லும்போது கணவன்மார் சொல்லும் வழக்கமான பதில் இது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். தேநீர் ஆற்றுகிற சாக்கில் குவளைகளைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அங்கே மேசையில் விளையாட்டு தொடர்ந்தது. அண்ணன் பாறையைத் தூக்கிவிட்டாராம். “தூக்கிட்டேன் பாரு!” என்று ஒரு குரல். பெல்ட் பத்திரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தேநீரோடு திரும்பி வந்தபோது தேவகி அக்காவின் முறை. குகைக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி பாய்ந்து வருகிறது. எதிர்த்து நிற்கப் போகிறேன் என்கிறார் அக்கா. தைரியத்துக்கு உருட்ட வேண்டும், பதினான்கு வேண்டும்.

விழுந்தது பதினைந்து.

“மைனஸ் ரெண்டு அக்கா. பதிமூணு. உங்க ஆளு பயந்து ஓடிட்டாங்க” என்றார் கணவர்.

அக்காவின் முகம் மாறியது. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. பேங்கில் மேனேஜரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவர். ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவனைத் துரத்திப் போய் வாங்கி வந்தவர்.

“ஆர் ஓடினது? நானோ?”

“நீங்க இல்லக்கா, உங்க கேரக்டர். கோட்டையார்னா கொஞ்சம் பயந்த சுபாவம்...”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய் தம்பி? பதினஞ்சு விழுந்திருக்கு. நான் நிக்கிறன் எண்டு சொல்லுறன். நீ ஓடிட்டாய் எண்டுறாய். எங்கட ஆக்கள் எண்டா பயந்தாங்கொள்ளியள் எண்டு எங்க எழுதிக் கிடக்கு?”

“நான்தான் எழுதினேன்” என்றார் கணவர் சின்னக் குரலில்.

அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“மாலா... அந்தக் கதவில உனக்கு எத்தினை விழுந்தது?”

“பதினாலுக்கா.”

“எனக்குப் பதினொண்டு.”

“ஆமாக்கா.”

தேவகி அக்காவின் கதை குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பள்ளியில் முதல் மாணவி. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். மார்க் இருந்தது, இடம் கிடைக்கவில்லை. இவரை விடக் குறைந்த மார்க் வாங்கிய தோழிக்குக் கிடைத்தது. விண்ணப்பத்தில், பெயருக்குக் கீழே இனம் கேட்கும் அந்தக் கட்டத்தில் இவர் எழுதியது ஒன்று, தோழி எழுதியது வேறொன்று. இத்தனை வருடமாகியும் வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் என் கணவர் இரண்டு மணி நேரத்துக்கு நிறுத்த மாட்டார். தன் அக்காவுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லும்போது அவர் மேசையைத் தட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

“தம்பி” என்றார் அக்கா. குரலில் கோபம் போயிருந்தது. “எனக்கு நடந்ததையல்லோ நீ இவளுக்கு எழுதி வச்சிருக்கிறாய். அதுவும் என்னைக் கொண்டே செய்விச்சுப்போட்டாய்.”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. அண்ணன் கூடக் கொறிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் கழித்து லேப்டாப்பை இழுத்து வைத்துத் தட்ட ஆரம்பித்தார் கணவர். எல்லா இனத்திலிருந்தும் மைனஸ் போனது. பிறகு பிளஸ்ஸும் போனது. “அக்கா சொன்னது ரொம்ப முக்கியமான ஃபீட்பேக்” என்று வேறு முணுமுணுத்தார்.

கேட்டீர்களா? நான் சொன்னால் எமோஷனல். அக்கா சொன்னால் ஃபீட்பேக்!

பாறைக் கணக்கு, கதவுக் கணக்கு, தாத்தா, நாற்காலி எல்லாவற்றையும் அடுக்கி அடுக்கிச் சொன்னேன். ஒன்றாவது மண்டையில் ஏறியதா? அதே மைனஸ் இரண்டு தன் அக்காவின் தலையில் விழுந்த பிறகுதான் அது அநியாயம் என்று தெரிகிறது. நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, அன்பாகத்தான் செய்தார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரே திட்டில் முடித்திருப்பேன். அன்பாகக் கழிப்பவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்? இந்த நாட்டில் நம்மிடம் அப்படிக் கழித்தவர்களும் நிறைய, நாம் மற்றவர்களிடம் கழித்ததும் நிறைய. நம் வீட்டுப் பேச்சில் பக்கத்து வீட்டு இனத்துக்கு எதில் பிளஸ், எதில் மைனஸ் என்று நாம் அச்சடிக்கவில்லையே தவிர, எல்லாருக்கும் மனப்பாடம்.

புதிய விதி இதுதான். ஆளுக்கு இரண்டு பிளஸ். அந்தப் பாத்திரம் இதுவரை என்ன வேலை செய்தது, எதைக் கற்றுக்கொண்டது என்று சொல்லிவிட்டு, பிடித்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். மரத்தாருக்குத் தலைவிளக்கு உண்டு, இருட்டில் வழி தெரியும். கோட்டையாருக்கு எந்த ஊரிலும் தங்க இடம் கிடைக்கும். யாருக்கும் எதிலும் கழித்தல் கிடையாது. தலைவிளக்கோடு நிற்கும் அந்தப் பெண்ணின் கீழே இப்போது எண் எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறாள்.

தேவகி அக்கா இரண்டையும் தைரியத்தில் போட்டார். என் அண்ணன் இரண்டையும் பலத்தில் போட்டார். இவ்வளவு நடந்த பிறகுமா என்று முறைத்தேன். “எனக்குப் புடிச்சிருக்கு லா, இப்ப நானா எடுத்துக்கிட்டது” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நான் இரண்டையும் அறிவில் போட்டேன். காட்டின் நடுவே ஒரு புதிர். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். கணவர் கூடத் தன் விதியெல்லாம் மறந்து, நான் ஜெயிக்க வேண்டும் என்று கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருட்டினேன்.

மூன்று விழுந்தது.

பிளஸ் இரண்டு சேர்த்தால் ஐந்து. புதிர் அவிழவில்லை, படுதோல்வி. கணவர் பதறிப்போய் “இன்னொரு தடவை போடு மாலா, பரவாயில்ல” என்றார்.

“ஒண்ணும் வேணாம்” என்றேன். அந்த மூன்றை யாரும் தொடக்கூடாது — அது என் கையால் நானே போட்டது.